காற்று சாய்க்காத மரம்

பாசிக்கல் ஆற்றங்கரையில் கெசாயா நீபினுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் அவள் புருஷன் ஹோசியா. இன்னொருவர் கம்பெனிக் கடைக்காரரின் மாமியார். அந்த அம்மாளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மற்ற எல்லாரும், பாதிரியார் உட்பட, கெசாயா எதிரே வந்தால் வாயில் இருக்கும் வார்த்தையை ஒருமுறை மென்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள்.

அவள் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. பசி என்று வந்தவனுக்கு, அவன் எந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டவனாக இருந்தாலும், தட்டு நிறைய மீன் வைப்பாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மிஷன் பள்ளியில் படித்த காலத்தில், இன்றைக்கு இறைச்சி என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊற்றிய சமையற்காரியின் தலையில் அந்தக் கஞ்சியையே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தவள் அவள். ஹோசியா பெண் கேட்டு வந்தபோது, ஆற்றில் ஐஸ் உடைவதற்கு முன் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனான். ஐஸ் உடைந்த மறுநாள் வந்து சேர்ந்தான். அந்த ஒரு நாளுக்காக அவனை ஒரு வருஷம் காக்க வைத்தாள். அவனும் காத்திருந்தான், பாவம். அதற்குப் பிறகு அவன் எதிலும் தாமதித்ததில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷக் கோடையில் அரசாங்கத்துக்கு எங்கள் ஆற்றின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. அதற்கு முந்தின வருஷமே விமானத்தில் குறுக்கும் நெடுக்கும் பறந்து மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். படம் மட்டும் போதாதாம். தரையில் குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து அளந்து, அதைப் படத்தோடு பொருத்தினால்தான் வரைபடம் ஆகுமாம். அந்த வேலைக்கு டன்ஸ்டன் என்று ஒரு துரை, தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்றோடும், முக்காலியில் நிற்கும் தூரக்கண்ணாடி ஒன்றோடும் வந்து இறங்கினார். படகு வலிக்கவும் மரம் வெட்டவும் எங்கள் ஆட்களை எடுத்தார்கள். ஹோசியா போனான், அவன் தம்பி ஏபெல் போனான், இன்னும் நாலைந்து பேர் போனார்கள். சமையலுக்குக் கெசாயா போய் நின்றாள்.

"இது பொம்பளைங்களுக்குக் கஷ்டமான வேலையாச்சேம்மா," என்றார் டன்ஸ்டன். மிஷன் பள்ளி புண்ணியத்தில் கெசாயாவுக்கு அவர் பாஷை வரும்.

"நான் சமைக்காட்டி அவனுங்க சமைப்பானுங்க தொரை. அத நீங்க தின்னணும். அப்பத் தெரியும் கஷ்டம் யாருக்குன்னு."

துரை சிரித்துவிட்டார். சிவந்த முகம், நீண்ட கால்கள், நாற்பது வயது இருக்கும். சிரித்தால் நன்றாகத்தான் இருப்பார். அவரைப் பற்றி நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கெசாயா ஏமாந்தது எப்படி என்று விளங்காது.

ஆற்றில் மேலே போகப் போகப் பெரிய அருவிகள் வரும். அந்த இடங்களில் படகையும் மூட்டைகளையும் கரையேற்றி, நெற்றியில் பட்டை கட்டிச் சுமந்து, சேற்றுக்காட்டைக் கடந்து மறுபக்கம் இறக்க வேண்டும். துரைமார்கள் அப்போது கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, கரு ஈயை விரட்டியபடி முன்னால் நடப்பதுதான் வழக்கம். டன்ஸ்டன் அப்படிச் செய்யவில்லை. மாவு மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றச் சொல்லி, நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்தார். இரண்டு முறை விழுந்தார். எழுந்து மூட்டையை மறுபடி ஏற்றிக்கொண்டார். மறுபக்கம் வந்தபோது முகமெல்லாம் ஈக்கடியில் வீங்கி இருந்தது. கெசாயா அவருக்குத் தேநீரைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைப் பார்த்தே ஹோசியாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இந்தத் தொரைக்கு ஒரு கொண்டை மரம் வெட்டணும்."

ஏபெலுக்குத் தேநீர் புரை ஏறிவிட்டது.

கொண்டை மரம் எங்கள் பக்கத்துப் பழைய மரியாதை. தூரத்திலிருந்து தெரிகிற உயரமான ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரமாகப் பார்த்து ஒருவன் ஏறி, நடுக்கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, உச்சியில் மட்டும் ஒரு கொண்டையை விட்டுவிட்டு இறங்குவான். அதற்குப் பிறகு அது இன்னார் மரம். பதிலுக்கு அவர் படகுக்காரர்களுக்கு விருந்து வைப்பார். அந்த மரம் நிற்கும்வரை அவர் பேர் அந்த ஆற்றில் நிற்கும். அவர் மரியாதை கெட்டு நடந்தால் மரம் நிற்கக் கூடாது. யார் வாய் திறந்து அவருக்காக மரம் கேட்டார்களோ, அவர்களே போய் அதைச் சாய்க்க வேண்டும். வேறு ஒருத்தர் கை வைக்கக் கூடாது.

அதனால் யாரும் அவசரப்பட்டு மரம் கேட்பதில்லை. ஒரு மனுஷனை நல்ல நாளிலும் பார்த்து, சோறு தீர்ந்த நாளிலும் பார்த்து, அப்புறம்தான் கேட்பார்கள்.

"மதினி, ஒரு மூட்டை தூக்குனதுக்கா மரம்?" என்றான் ஏபெல். "எங்கண்ணன் பதினஞ்சு வருசமா ஒங்களையே தூக்கிட்டிருக்கான். அவனுக்கு ஒரு குச்சிகூட நடலியே நீங்க."

"ஒங்கண்ணன் தூக்குறதப் பாத்துட்டுத்தான் தொரையே தூக்கக் கத்துக்கிட்டாரு, கொழுந்தனாரே. நீ இன்னும் கத்துக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். ஏபெல் மட்டும் விடவில்லை. "சிரிப்பு வேற மதினி. கொஞ்ச நாள் போகட்டும். இலை பழுக்கிற வரைக்கும் பாப்போம்."

"நான் கேட்டாச்சு," என்றாள் கெசாயா. கேட்டாச்சு என்றால் கேட்டாச்சுதான். எங்கள் வழக்கத்தில் அதைத் திரும்ப வாங்க முடியாது. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது என்று பிற்பாடு அவளே சொன்னாள், குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல்.

ஏரிமுகத்தில் ஒரு மணல்மேடு. அதன் உச்சியில் மற்ற மரங்களுக்கு மேலே தலை தூக்கி நின்ற ஸ்ப்ரூஸ் ஒன்றில் ஹோசியா ஏறினான். கிளைகள் ஒவ்வொன்றாய் விழ விழ, கீழே நின்றவர்கள் துரையின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். டன்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்: "இந்த மரம் நிக்கிற வரைக்கும் ஒங்கள்ல ஒருத்தர்கூட எனக்கு வேத்தாள் இல்ல. வேலை முடிஞ்சதும் பெரிய விருந்து. நடுவுல யாருக்கு என்ன ஆனாலும் விமானம் மொதல்ல அவங்களுக்குத்தான். இது என் வாக்கு."

கெசாயா அதை வார்த்தைக்கு வார்த்தை எங்கள் கிரீ மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னாள். பெருமையாக இருந்தது அவளுக்கு.

துரைக்கு மரம் இன்னொரு விதத்திலும் பிடித்துப்போனது. அந்தத் தட்டை நாட்டில் அப்படி ஒரு கொண்டை எந்தக் குன்றிலிருந்து பார்த்தாலும் தெரியும். வேறு அடையாளக் கம்பம் எதற்கு? மரத்தையே குறியாக வைத்து ஒவ்வொரு குன்றிலிருந்தும் கோணம் பார்க்க ஆரம்பித்தார். கோடை முழுவதும் அவருடைய கண்ணாடி எங்கே நின்றாலும் ஒருமுறை அந்த மரத்தின் பக்கம் திரும்பியது.

ஆகஸ்டில் மறுபடி அதே மணல்மேட்டுக்கு வந்தார்கள். பார்வையை மறைக்கும் சில்லறை மரங்களை வெட்டச் சொன்னார் துரை. முந்தின வாரமெல்லாம் மழை. மரப்பட்டை வழுக்கியது. ஹோசியாவின் கோடாலி நழுவி, தோல் செருப்பைப் பிளந்துகொண்டு பாதத்தில் இறங்கியது.

கெசாயா ஓடிவந்து பார்த்தாள். கட்டை விரலுக்குப் பின்னால் எலும்பு தெரிந்தது. மாவு மூட்டைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். ஸ்ப்ரூஸ் பிசினைக் காய்ச்சிப் பூசினாள். ரத்தம் நின்றது. ஹோசியா வலியைக் காட்டிக்கொள்ளாமல், "செருப்பு புதுசுடி, போச்சு," என்றான்.

மறுநாள் காலை மழை விட்டு, வானம் கழுவிவிட்டது போல் தெளிந்தது. டன்ஸ்டன் வானத்தைப் பார்த்தார். அப்புறம்தான் ஹோசியாவைப் பார்த்தார்.

"இந்த மாதிரி தெளிச்சி இந்த வருஷம் இனிமே கிடைக்காது. நாங்க கழுகுப்பாறைக்குப் போயே ஆகணும். ஹோசியாவப் படகுல கொண்டுபோக முடியாது. இங்கேயே இருக்கட்டும். விமானம் நாளைக்கு வந்து எடுத்துக்கும்."

"யார் கூட இருப்பா?" என்று கேட்டாள் கெசாயா.

"ஒரு நாள்தானே."

"தொரை, எங்க ஆளுங்க அடிபட்டவனத் தனியா விட்டுட்டுப் போறதில்ல. ஒரு நாளும் இல்ல, ஒரு நாழியும் இல்ல. நான் இருக்கேன்."

"அப்போ சமையல்?"

"ஒங்களுக்குத்தான் மூட்டை தூக்கத் தெரியுமே. சட்டியும் தூக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் படகை மட்டும் விட்டுவிட்டு மற்றப் படகுகள் போய்விட்டன. ஏபெல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மறுநாள் விமானம் வந்தது. தலைக்கு மேலே வந்தது, இறங்காமல் போனது. கெசாயா கரைக்கு ஓடிப் போர்வையை வீசினாள். சாயங்காலம் அதே விமானம் மறுபடி தலைக்கு மேலே வந்தது. மிதவைகளுக்கு மேலே பெட்டிகளைக் கட்டியிருப்பது கீழிருந்தே தெரிந்தது. துரையின் கருவிகளை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கொண்டுபோகிறார்கள்.  

அடுத்த நாள் ஹோசியாவின் பாதம் வீங்கிக் கணுக்கால்வரை கறுத்தது. காய்ச்சலில் அவன் செத்துப்போன தன் அப்பாவோடு பேச ஆரம்பித்தான். கெசாயா அவனைப் படகில் ஏற்றிப் பார்த்தாள். ஆற்றில் இறக்கிவிடலாம், ஆனால் முதல் அருவியில் அவனைச் சுமந்து காட்டைக் கடக்க ஒருத்தியால் ஆகாது. முயன்று பார்த்துவிட்டு, பாதி வழியில் அவன் கத்திய கத்தலைக் கேட்க முடியாமல் திரும்பினாள். பிறகு மேட்டின் மேல் வரிசையாக மூன்று நெருப்பு மூட்டிப் பச்சைப் பாசியைப் போட்டாள். மூன்று புகை ஒன்றாக எழுந்தால் ஆள் சாகக் கிடக்கிறான் என்று அந்த ஆற்றில் எல்லாருக்கும் தெரியும். முதல் வாரமே துரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றும் புகைத்தாள். மறுநாளும் புகைத்தாள். காற்றே இல்லை, புகை மூன்றும் கழுகுப்பாறையிலிருந்து பார்த்தால் தெரியும்படி நேராக எழுந்தது. விமானம் அடுத்த குன்றுக்குப் போயிற்று, வந்தது. யாரும் இறங்கவில்லை.

மறுநாள் காலை கெசாயா கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். ஹோசியாவுக்குக் காய்ச்சல் சற்று இறங்கி, நினைவு இருந்தது.

"புகையப் பாத்திருப்பான்," என்றாள்.

"பாத்திருப்பான்," என்றான் ஹோசியா.

"பாத்துட்டும் வரல."

ஹோசியா முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பினான். பிறகு, "மரத்த நீதான கேட்ட?" என்றான்.

"நாந்தான் கேட்டேன். ஏபெல் வேணாம்னான். என் வாய் கேக்கல."

"அப்ப நீதான் எறக்கணும். கோடாலி அங்க சாச்சு வச்சிருக்கு. கால்ல போட்டுக்காத, ரெண்டு பேர நான் பாத்துக்க முடியாது."

அவள் அழுதாள். கோடாலியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது சத்தமாகவே அழுதாள். மரத்தின் முன்னால் போய் நின்றதும் அழுகை போய்விட்டது. "டன்ஸ்டன் தொரை!" என்று அவர் பேரைக் கூப்பிட்டாள், மரம் கழித்த அன்றைக்குக் கூப்பிட்ட அதே சத்தத்தில். "ஒனக்கு நான் குடுத்த பேர நானே எடுத்துக்கறேன்." சொல்லிவிட்டு வெட்டினாள். மெலிந்த மரம்தான். வெகு நேரம் பிடிக்கவில்லை. கொண்டை ஆடியது, சாய்ந்தது, கீழே இருந்த இளமரங்களை நொறுக்கிக்கொண்டு விழுந்தது. விமானத்தை வரவழைக்க அவள் அதை வெட்டவில்லை. வெட்டியே ஆகவேண்டியது, அதனால் வெட்டினாள்.

மத்தியானத்துக்குள் விமானம் வந்து இறங்கிவிட்டது.

கண்ணாடியைக் குனிந்து பார்த்த டன்ஸ்டனுக்கு முந்தின நாள் நின்ற மரத்தைக் காணோம். அவ்வளவுதான் விஷயம். மனுஷனுக்காக இத்தனை நாளாக வராத விமானம், மரத்துக்காகச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிட்டது.

துரை மிதவையிலிருந்து தண்ணீரில் குதித்து மேட்டுக்கு ஓடினார். அவள் பக்கமோ கூடாரத்தின் பக்கமோ பார்க்கவில்லை. மேலேயிருந்து அவர் கத்தியது ஏரி முழுக்கக் கேட்டது. இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்.

"என்ன காரியம் செஞ்சிருக்கே தெரியுமா? இந்தக் கோடை முழுக்கப் பாத்த கோணம் எல்லாம் அந்த மரத்துல வந்து முடியுது! எதுக்காக வெட்டுன?"

கெசாயா அதற்குள் விமானத்தின் கயிற்றைப் பிடித்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல என் புருசன ஏத்துங்க. அப்புறம் சொல்றேன். ஏத்தாம இந்த விமானம் பறந்தா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் பறக்கும்."

பைலட் ருடி நல்லவன். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கூடாரத்துக்குப் போனான். கட்டை அவிழ்த்துப் பாதத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் துரையிடம், "இவர இப்பவே கொண்டுபோறேன் சார். நீங்க வேணும்னா இங்கேயே எறங்கிக்கங்க," என்றான்.

ஹோசியாவை ஏற்றினார்கள். தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவனைப் படுக்கவைத்ததில் கெசாயாவுக்கு இடமில்லை என்றான் ருடி. துரை மட்டும் கரையில் தங்கினார்.

விமானச் சத்தம் மறைந்த பிறகு அவள் அவரைப் பார்த்து நின்றாள். "இப்பச் சொல்றேன். அது ஒங்க மரம். ஒங்களுக்கு நாங்க குடுத்த மரியாத. மரியாத போச்சு, மரமும் போச்சு. மூணு புகை போட்டேன் தொரை. பாக்கலியா?"

"பாத்தேன்," என்றார் டன்ஸ்டன். பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "ஒரு நாள் பொறுத்துக்கலாம்னு நெனச்சேன். வானம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு."

சாயங்காலம் ஏபெல் தனியாகப் படகு வலித்துக்கொண்டு, உள்ளங்கையெல்லாம் கொப்புளமாக வந்து சேர்ந்தான். புகையைத் துரைக்குக் காட்டியவன் அவன்தான். துரை நாளைக்கு, நாளைக்கு என்றதும், வேலையை உதறிவிட்டு ஆற்றை எதிர்த்து வந்திருக்கிறான். வந்தவன் விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான். இலை பழுக்கிறவரை பார்ப்போம் என்று தான் சொன்னதை அவன் நினைவுபடுத்தவில்லை. கேலி பேசும் உரிமை உள்ள கொழுந்தன் அன்றைக்குப் பேசாமல் இருந்தது அவளுக்கு எந்தக் கேலியைவிடவும் சுட்டது.

செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்து எல்லாரும் ஆற்றுமுகத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். விருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தெற்கிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வேலையைப் பார்வையிட வரப்போகிறார் என்று பேச்சு வந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் டன்ஸ்டன் கெசாயாவின் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"கெசாயா, ஒரு விஷயம்," என்றார். "மரம் காத்துல விழுந்துடுச்சுன்னு நான் பெரியவர்கிட்ட சொல்லப் போறேன். அவர் ஒன்னக் கேட்டா நீயும் அப்படியே சொல்லு. ஒனக்கும் தொல்லை இல்ல, எனக்கும் இல்ல. ஹோசியா உயிர் தப்பிச்சிட்டான். பாதம் பாதிதான் மிச்சம். ஆத்துல ஐஸ் கட்டுறதுக்குள்ள எங்க விமானத்துலயே அவனக் கொண்டாந்து இந்த வாசல்ல எறக்கறேன்."

"சொல்லாட்டி?"

"விமானம் என்னோடது மட்டும் இல்லையே. பெரியவர் கோபப்பட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. குளிர்காலம் பூரா அவன் அங்கேயே கெடக்க வேண்டியிருக்கும்."

அவள் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பாமலே போனார்கள் என்பது எங்கள் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அங்கே ஹோசியாவின் பாஷையில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. கெசாயா அன்று அடுப்பில் வைத்த ரொட்டியைக் கருகவிட்டாள். ஏபெலின் மனைவி வந்து, "காத்துன்னு சொல்லிட்டுப் போங்கக்கா. ஒரு வார்த்தைதான? காத்து என்ன கோவிச்சுக்கவா போவுது?" என்றாள். கெசாயாவுக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. ஹோசியா பக்கத்தில் இல்லாத படுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது.

பெரிய அதிகாரி நரைத்த மீசைக்காரர். கரையில் வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, படகுக்காரர்களை எதிரே நிற்கவைத்து நன்றி சொன்னார். பிறகு டன்ஸ்டனிடம் கேட்டார்: "அந்த ஏரிமுகத்துக் குறி எப்படிப் போச்சு? திரும்ப அளக்க வேண்டியதாப் போச்சே."

"காத்து சார். ஆகஸ்ட்ல ஒரு பலத்த காத்து."

"அப்படியா?" என்று அவர் சும்மா எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது.

"காத்து இல்ல," என்றாள் கெசாயா.

டன்ஸ்டன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் முன்னால் வந்தாள்.

"நான் வெட்டுனேன். கெசாயா நீபின். கோடாலியால வெட்டுனேன். காத்து விழுத்தாட்டுனா மரத்துக்கு வேர் சரியில்லன்னு அர்த்தம். எங்க மரத்துக்கு வேர் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தத் தொரை வாக்குக் குடுத்தாரு, காப்பாத்தல. என் புருசன் சாகக் கெடந்தான், புகை போட்டேன், பாத்துட்டும் வரல. அதனால வெட்டுனேன். கேக்குறவங்க எல்லாருக்கும் இப்படியே சொல்லுங்க."

"அரசாங்கக் குறிய அழிச்சேன்னு ஒத்துக்கறியா?" என்றார் அதிகாரி, மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டு.

"அரசாங்கமா மரத்த வளத்துச்சு? அது அளக்க நட்ட கம்பம் இல்லைய்யா. ஒரு மனுசனுக்கு நாங்க குடுத்த பேரு. குடுக்கத் தெரிஞ்ச எங்களுக்கு எடுக்கவும் தெரியும்."

அதிகாரி டன்ஸ்டனைப் பார்த்தார். டன்ஸ்டன் ஆற்றைப் பார்த்தார். ஏபெல் வரிசையிலிருந்து, "மூணு புகை. நாந்தான் தொரைக்குக் காட்டுனேன்," என்றான். அவனுக்கு அடுத்தவன், "நானும் பாத்தேன்," என்றான். அதற்கு அடுத்தவனும் சொன்னான். கெசாயா கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களாகச் சொன்னார்கள். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து, இதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு விமானத்தில் ஏறினார். அப்புறம் யாரும் வந்து பேசவில்லை. துரைக்கு என்ன ஆயிற்று என்றும் எங்களுக்குத் தெரியாது.

ஹோசியாவைக் கொண்டுவர விமானம் வரவில்லை. அக்டோபரில் கரையோரம் ஐஸ் கட்டியது. நவம்பரில் ஆறு முழுக்க மூடியது. ஊரில் சிலர் அவளைத் திட்டினார்கள். வாய்க்கொழுப்பு புருஷனைத் தின்றுவிட்டது என்று கோயில் வாசலிலேயே ஒருத்தி சொன்னாள். வழக்கமாக இருந்தால் சொன்னவள் கதி வேறாகியிருக்கும். கெசாயா அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்து, மீன் காயவைக்கும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் செய்தது சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியாகச் செய்ததற்கு விலையைத் தான் கொடுக்கவில்லை, படுக்கையில் கிடக்கிற அவன் கொடுக்கிறான் என்பதுதான் அவளை அரித்தது. அவனைக் கேட்காமல் அவன் திரும்பி வருவதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவன் என்ன நினைப்பான்?

கிறிஸ்துமஸ் கழிந்து மிஷன் ரேடியோவில் செய்தி வந்தது. ஹோசியாவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். ரயில் நிற்கும் இடத்துக்கும் எங்கள் கரைக்கும் நடுவே பெருங்காடு. நான் போகிறேன் என்று ஏபெல் சொன்னான். "ஒன் நாயக் குடு, ஒன்னக் குடுக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு, கெசாயாவே பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ரயில் வந்து நின்று, ஹோசியாவை இறக்கிவிட்டுப் போயிற்று. இளைத்திருந்தான். யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டு, கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். பனியில் ஊன்றுகோல் புதைய மெதுவாக வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. கெசாயா அவனைப் பிடிக்கப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒருவனிடம் பயமாக இருந்தது.

"மெலிஞ்சிட்டியே," என்றாள்.

"தொரை ஆசுபத்திரிக்கு வந்தான்," என்றான் ஹோசியா, அவள் சொன்னதைக் கவனிக்காமல். "இலை பழுத்த சமயம். ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தான். நம்ம பாஷை தெரிஞ்ச மிஷன்காரன் ஒருத்தன எங்கிருந்தோ கூட்டியாந்து பேசுனான். மரம் காத்துல விழுந்துடுச்சுன்னான். ஒம் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்லப்போவுதுன்னான். அது அப்படிச் சொன்னதும் ஐஸ் கட்டுறதுக்குள்ள விமானத்துல வீட்டுக்குப் போயிடலாம், சந்தோசமா இருன்னான்."

கெசாயா ஓரடி முன்னால் வந்தாள். "நான்..."

"இரு, சொல்லிடறேன். என் கட்டிலு சன்னல் ஓரம். கீழ ஆறு. அங்கதான் விமானமெல்லாம் எறங்கும். ஐஸ் கட்டுற வரைக்கும் தெனம் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பாத்தேன்."

"வந்துடணும்னு பாத்தியா?"

"வந்துடக் கூடாதேன்னு பாத்தேன்டி," என்றான் ஹோசியா.